எஃப்டி8 இருந்தாலும் இரைச்சல் இரைச்சல்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகச் செய்யும் வானொலித் தொடர்பு) கட்டுரையை ரசித்துப் படித்தேன். தமிழில் இதை எழுத ஆள் இருப்பதே சந்தோஷம். ஆனால் இரைச்சலுக்கு 20 டெசிபல் (பலத்தை ஒப்பிடும் அளவு) கீழே கிடக்கும் சிக்னலையும், கம்ப்யூட்டர் வழியே குறுஞ்செய்தி அனுப்பிப் பெறும் எஃப்டி8 முறை பிடித்துவிடும், ஆகவே வீட்டு மின்சாதனங்கள் ரேடியோவில் கிளப்பும் இரைச்சலைப் பற்றி இனிக் கவலை வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-ல் வெளியிட்ட முறை இது. (டெய்லர் 1993-ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். ஓய்வுக் காலத்தை இப்படியும் கழிக்கலாம்!) அந்த 20 டெசிபல் என்பது 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் விழும் மொத்த இரைச்சலோடு ஒப்பிட்டுச் சொல்கிற கணக்கு. சிக்னல் உட்கார்ந்திருப்பதோ வெறும் 50 ஹெர்ட்ஸில். அந்த 50 ஹெர்ட்ஸுக்குள் விழும் இரைச்சலை மட்டும் எடுத்தால், சிக்னல் மூன்று நான்கு டெசிபல்தான் கீழே இருக்கும். வீட்டு இரைச்சல் 10 டெசிபல் ஏறினால் எஃப்டி8-உம் அதே 10 டெசிபலை இழக்கும். பேச்சுக்கு ஒரு நியாயம், டிஜிட்டலுக்கு ஒரு நியாயம் என்று கிடையாது.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. காரைக்குடியில் எங்கள் வீடு தெருவுக்குத் தெரு நீளும் பழைய வீடு. 7 மெகாஹெர்ட்ஸுக்கு வேண்டிய 20 மீட்டர் ஆன்டெனா கம்பியை முகப்பு மாடியிலிருந்து இரண்டாம் கட்டு வரை கட்டியும் இடம் மிச்சம். போன வருஷம் இரைச்சல் மெல்ல ஏறியது. பேச முடியவில்லை, சரி, எஃப்டி8-க்குப் போய்விடலாம் என்று நானும் மாறினேன். 15 வினாடிக்கு ஒருமுறை திரையில் நாலைந்து செய்தி வரி விழுந்தது, அதிலேயே திருப்தி.

தேவகோட்டை நண்பர்தான் கண்ணைத் திறந்தார். எங்களுக்குள் 20 கிலோமீட்டர்கூட இருக்காது. (எஃப்டி8 செய்தியில் இடத்தைச் சொல்ல வரைபடக் கட்டத்தின் குறியீட்டை அனுப்புவோம். பத்தாவது அட்சரேகை நடுவில் ஓடுவதால் என் ஊர் எம்கே90, அவர் ஊர் எம்ஜே99.) ஒரே இரவு, ஒரே 15 வினாடி. அவருக்கு முப்பது நிலையங்கள், எனக்கு ஆறு. யார் யார் நம்மைக் கேட்டார்கள் என்று காட்டும் இணைய வரைபடத்திலோ ஜப்பான்வரை என் சிக்னல் போயிருக்கிறது. அவர்கள் கூப்பிட்டிருப்பார்கள். எனக்குத்தான் காது இல்லை.

ரேடியோவையும் லேப்டாப்பையும் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. அப்படியானால் வெளியிலிருந்துதான் வருகிறது, பக்கத்து வீட்டுச் சோலார்தான் என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். அந்த வீட்டு ஆச்சி, "அதுக்கென்ன தம்பி, அணைச்சே பாரேன்" என்றார். ஒரு மத்தியானம் அணைத்துப் பார்த்தோம். ஒரு மாற்றமும் இல்லை. கையில் சீப்புச் சீடைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தேன். விஷயத்தைக் கேட்ட தேவகோட்டை நண்பர், "ராத்திரி பத்து மணிக்கு எந்த வெயில்லய்யா சோலார் ஓடுது?" என்று சிரித்தார்.

மெயினை அணைத்ததும் எங்கள் இன்வெர்ட்டர் ஓட ஆரம்பித்துவிடும் என்பதை மறந்திருந்தேன்! இந்த முறை அதையும் அணைத்தேன். திரை சுத்தமானது. பிறகு இன்வெர்ட்டரை விட்டுவிட்டு மெயினை மட்டும் போட்டு, பீங்கான் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மூன்றாவதைப் பிடுங்கியதும் மாடியிலிருந்து மகன், "போச்சுப்பா!" என்று கத்தினான். சாமி அறையில் எல்இடி விளக்குக்கு பிளாட்பாரத்தில் வாங்கிப் போட்ட அடாப்டர். அதைக் கழற்றியதும் ரேடியோவில் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் எட்டில் நின்ற முள் நான்குக்கு இறங்கியது. ஒரு படி 6 டெசிபல் என்றால் 24 டெசிபல்.

இத்தனைக்கும், வருகிற சிக்னலையும் இரைச்சலையும் கோடுகளாக வரையும் எஃப்டி8 திரையே அதைக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கண்டாங்கிச் சேலைக் கோடு மாதிரி சம இடைவெளியில் பட்டைகள். அடாப்டர் சூடேறச் சூடேற மெல்ல நகரும். நான் வரிகளைப் படித்தேனே தவிர, கோடுகளைப் பார்க்கவில்லை. மற்ற இரைச்சல்களுக்கும் அடையாளம் உண்டு. சோலார் என்றால் பொழுதோடு வந்து பொழுதோடு போகும். மின்கம்பத்துப் பீங்கானில் பொறி பறந்தால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும். பெரும்பாலும் மழை பெய்தால் அடங்கும். இருபது கிலோமீட்டர் தள்ளியிருப்பவர் திரையிலும் அதே நேரத்தில் அதே பட்டை தெரிந்தால், அது நெடுந்தூர ரேடாராகக்கூட இருக்கலாம். அதற்கு நம் வீட்டுப் பியூஸைப் பிடுங்கிப் பயனில்லை.

இன்னொன்று. கம்ப்யூட்டரிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஆடியோவைக் கூட்டி வைத்து எஃப்டி8 அனுப்பினால் நம் சிக்னலே பக்கத்தில் நாலு இடத்தில் போலியாக முளைக்கும். அப்புறம் மற்றவர் திரையில் நாம்தான் குறுக்கீடு.

அடுத்த கட்டுரையில் அந்த 20 டெசிபல் வரியைத் திருத்தி, மெயின் சுவிட்சோடு இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
காரைக்குடி