செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

ஆசிரியர் மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஆசிரியர் தினம், பிப்ரவரி 28 அறிவியல் தின வினாடி வினா, பணி நிறைவுப் பாராட்டு எல்லாம் வழக்கம்போல நடந்தன.

ஆசிரியர்களான நமக்கு நாமே நடத்தும் சனிக்கிழமைப் பயிலரங்கு பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அரசின் வட்டார வள மையத்தில்தான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களே, இது வேறு எதற்கு" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். பிள்ளைகள் செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தது, 2022இல் சிறு வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் வந்தது, அதே வருஷம் அறிவியல், கணிதச் சோதனைகளுக்கான வானவில் மன்றமும் வந்தது. திட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள் என்பதையே நமக்கு நாள் முழுக்கத் திரை போட்டு விரிவுரையாகச் சொன்னால், மறுநாள் வகுப்பில் நாமும் விரிவுரைதான் செய்வோம்.

அதனால் பயிலரங்கில் நாமே மாணவர்களாக உட்கார்ந்தோம். ஈரோட்டு மஞ்சளைக் கரைத்துத் தாளில் தடவிக் காயவைத்து, சுண்ணாம்புத் தெளிநீர் விட்டால் சிவக்கிறது, இது எல்லோருக்கும் தெரியும். சமையல் சோடாக் கரைசலில் ஏன் அவ்வளவு சிவக்கவில்லை என்று ஒருவர் கேட்டதும் பேச்சு நின்றுபோனது. அரை நாள் அதற்கே போனது, போகட்டும். இதே பாடத்தை வகுப்பில் நடத்திய ஒரு டீச்சரிடம் ஆறாம் வகுப்புப் பிள்ளை, "ஏனுங்க டீச்சர், எலுமிச்சம்பழம் புழிஞ்சா மறுக்கா மஞ்சளாகுமுங்களா?" என்றதாம். அவர் விடை சொல்லாமல் பழத்தை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார். இந்தப் பொறுமையை யாரும் சுற்றறிக்கையில் அனுப்ப முடியாது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடிகூடச் சரியாகக் காத்திருப்பதில்லை, 3 விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். நாமும் ஒருவர் பாடம் எடுக்க மற்றவர் கடிகாரம் பார்த்துப் பழகினோம்.

வருத்தம் என்னவென்றால், வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். முகூர்த்தம், நோம்பி, தேர்வுத் தாள் திருத்தம், எல்லாம் எனக்கும் உண்டு. வாட்ஸ்அப்பில் கைகூப்பி அனுப்பிவிட்டு வராமல் இருந்தால், அரங்கம் கேட்டு வாங்கியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? சந்தாவும் பாதிக்கு மேல் நிலுவை. சிலர் இரண்டு வருஷமாகவே தரவில்லை, பெயர் சொல்ல விரும்பவில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு சொற்பம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. இடம் தந்த தலைமை ஆசிரியருக்கும், டீ, பலகாரச் செலவை ஏற்றவர்களுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் பயிலரங்கு தொடருமா என்பது வருகையைப் பொறுத்தது. ஜூன் மாதத்துக்கு நெம்புகோலும் கிணற்றுக் கப்பியும் என்று யோசித்து வைத்திருக்கிறேன். கப்பி, கயிறு யார் வீட்டுத் தோட்டத்திலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வரும்போது சந்தாவையும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

செயலாளர்