பாக்கிச் சில்லறை

அன்புள்ள கண்ணு,

நைனா எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ "சரி நைனா, சரி நைனா" என்று நாலு வரி சொல்லி வைத்துவிடுகிறாய். எழுதினால் குறுக்கே பேச முடியாது பார். எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். 31 வருஷம் கண்டக்டராக ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதிய கை.

உடம்பு தேவலை. விழுந்து இடுப்பு ஆபரேஷன் ஆகி நேற்றோடு ஏழு வாரம். வாக்கர் மூலைக்குப் போய்விட்டது, இப்போது கைத்தடிதான். சம்மணம் போடக் கூடாது, தாழ்ந்த இடத்தில் உட்காரக் கூடாது, படுத்தால் இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. பழையபடி எல்லாம் அப்படியே. உள்ளே வைத்த ஸ்டீல் பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிடக் கூடாதாம், அதற்குத்தான் இத்தனை காவல்.

எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. நீ மெக்கானிக் மாமா கணக்கில் போட்டாயே 15,000 ரூபாய், அதைப் பற்றி.

நீ ஷார்ஜாவுக்கு ஏறிய மறுநாள் காலையில் மாமா வந்தார். கையில் சுத்தியல், நாலு கட்டை. "கட்டில் முட்டிக்கு மேல இருக்கணும்னு சொன்னாங்கல்ல" என்று என்னை நாற்காலிக்கு மாற்றிவிட்டு, கட்டில் கால்களில் கட்டை அடித்து உயர்த்தினார். அப்புறம் பாத்ரூமைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பஸ் கைப்பிடிக் கம்பியோடு வந்தார். டவுன் பஸ்ஸில் மேலே ஓடுமே, அதே கம்பி. டாய்லெட் பக்கத்துச் சுவரில் அதைப் பதித்துவிட்டு, "பிடிச்சுக்கோ, ஸ்டாப்பிங் வர்ற வரைக்கும் விடாதே" என்றார். ஆபரேஷனுக்கு அப்புறம் நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

தையல்கார பாய் என் லுங்கி நாலையும் பக்கவாட்டில் பிரித்து நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தார். குனியாமல் கட்டலாம், காலைத் தூக்க வேண்டாம். தையல் பிரிக்கும் வரை ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. 14-ம் நாள் பிரித்தார்கள். மறுநாள் பாய்தான் குளிப்பாட்டினார். உன் அம்மாவைத் தவிர யாரும் எனக்கு முதுகு தேய்த்ததில்லை. வெட்கத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். "நீ கண்ணை மூடினா எனக்குத் தெரியாம போயிடுமா? கையைத் தூக்கு" என்றார். தூக்கினேன், வேறென்ன செய்ய. அந்த வாரம் பூரா மத்தியானத்துக்கு ஆட்டுக்கால் சூப் அவர் வீட்டிலிருந்துதான். எதிர்வீட்டு அக்கா இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைக்கிற அன்றெல்லாம் ஒரு கிண்ணம் குழம்பு அனுப்பிவிடும்.

நடைப் பயிற்சிதான் பெரிய கூத்து. அக்னி நட்சத்திர வெயிலில் எட்டு மணிக்கெல்லாம் தெருவில் கால் வைக்க முடியாது. அதனால் ஐந்தரைக்கே மாமா வந்துவிடுவார். எங்கிருந்தோ என் பழைய விசிலைத் தேடி எடுத்துவிட்டார். இரண்டு விசில் அடித்தால் நான் கிளம்ப வேண்டும், ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று பிசியோதெரபி பெண் சொன்னதை அவர் எனக்கு முன்னால் மனப்பாடம் செய்துவிட்டார். ஒரு நாள் நான் மறுத்து உட்கார்ந்துவிட்டேன். இனி எனக்கெதற்கு நடை என்று கத்தினேன். அப்போது அவர் மேரி வர்கீஸ் டாக்டரை இழுத்தார். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். 1966-ல் நம் வேலூர் பாகாயத்தில் அந்த மறுவாழ்வு மையம் வரக் காரணமானவர். "அந்த ஸ்டாப்பிங்ல எத்தனை சக்கர நாற்காலியை பஸ்ஸுல ஏத்தி இறக்கியிருக்கே, உனக்கு ஒரு பந்து மாத்தினதுக்கு இவ்ளோ கூச்சலா?" என்றார். கோபம் வந்தது. ஆனாலும் எழுந்தேன்.

எல்லாரும் இப்படி என்று நினைத்துவிடாதே. ஆப்பிள் வாங்கி வந்து, "எங்க சித்தப்பா இப்படித்தான் விழுந்தாரு, மூணே மாசம்" என்று கதை சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. தினம் என்னோடு டீ குடித்த ஒருத்தர் ஒரு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாவது வாரம் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். அவர் சம்சாரம் போனதும் இப்படி விழுந்துதான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

ராத்திரி தூக்கம் வராதபோது காட்பாடி ஸ்டேஷனில் ஏற்றிய ஜனங்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். வங்காளம், அசாம், ஆந்திரா என்று மூட்டையும் எக்ஸ்ரே கவருமாக ஏறுவார்கள். பாஷை தெரியாத ஊரில் லாட்ஜில் ரூம் எடுத்து, அங்கேயே அடுப்பு வைத்துச் சோறு பொங்கி, ஆபரேஷன் ஆன ஆளைத் தாங்கிப் பிடிக்க ஒரே ஒரு மகனோ மனைவியோ. வைத்தியத்துக்கு அவ்வளவு தூரம் வருகிறார்களே என்று அப்போது நினைத்ததோடு சரி. கட்டில் உயரத்தைப் பார்க்க ஆள் இருக்குமா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய மறுநாள் மாமா வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் வந்து, நோட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு டிவி மேல் வைத்தார். "பையன் கணக்கை முடிச்சிட்டானா?" அவ்வளவுதான் கேட்டார். அன்றைக்கு விசில் அடிக்கவில்லை. சும்மா பக்கத்தில் நடந்தார்.

தப்பு என்னுடையதும்தான். "பாவம், அவங்களுக்கு ஆட்டோவுக்கே எவ்வளவோ ஆகுது" என்று போனில் உன்னிடம் புலம்பியது நான்தானே. நீ தூரத்தில் இருக்கிறாய், கையில் இருப்பது பணம், அதை அனுப்பினாய். ஆனால் கண்ணு, பில் உள்ள செலவு எல்லாவற்றையும் நான் நோட்டில் எழுதி அன்றன்றைக்கே கொடுத்துவிட்டேன். ஆட்டோ, மாத்திரை, அந்தக் கம்பிக்கு 350 ரூபாய், எல்லாமும். மாமா முறைத்துக்கொண்டே வாங்கினார். முதுகு தேய்த்ததற்கு பில் கிடையாது. சில்லறை இல்லாதபோது டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கி எழுதிக் கொடுப்போமே, இது அந்த மாதிரி பாக்கி. சில பேர் அதை வாங்காமலே இறங்கிப் போவார்கள். பின்னாலேயே ஓடிப் போய்த் திணிக்க முடியாது.

அந்தக் கட்டு பீரோவில் இருக்கிறது, உன் கணக்கில் திரும்பப் போட்டுவிடுகிறேன். நீ மாமாவுக்கு போன் போடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, பணம் என்ற வார்த்தையே வேண்டாம். அவருக்கு இடது முட்டி வீங்கியிருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் என்னோடு நடந்துகொண்டிருக்கிறார். அதைக் கேள். டாக்டரிடம் காட்டச் சொல்லி நீ அதட்டினால் கேட்பார், நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார். டிசம்பர் லீவில் வரும்போது பாய் வீட்டில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடு. பிரியாணியை பார்சல் வாங்கிக்கொண்டு ஓடி வரக் கூடாது.

பாய்க்கு ஒரு நல்ல கத்தரிக்கோல் வாங்கி வா. அவருடையதை என் லுங்கிகள் மழுக்கிவிட்டன என்று தினமும் சொல்லிக்காட்டுகிறார்.

நைனா