கை வைக்கும் முன் படம் எடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். புதைபடிவம் கிடைத்த செய்தி வெளியாகும்போதெல்லாம், கண்டவர் அதைக் கையில் ஏந்தி நிற்கும் படமும் கூடவே வருகிறது. அவர் மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆனால் அது கைக்கு வந்த நொடியிலேயே பாதித் தகவல் போய்விட்டதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எந்தப் பாறை அடுக்கில், எந்தத் திசை நோக்கி, எவற்றின் அருகில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதையும் அந்த உயிர் மடிந்த சூழலையும் கணிக்கிறார்கள்.

எனவே கையை வைக்கும் முன் கைபேசியை எடுங்கள். பாறைச் சுவர் முழுவதும் தெரிய ஒரு படம், இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒன்று, நெருக்கத்தில் ஒன்று. நெருக்கப் படத்தில் அளவுகோல் புதைபடிவத்தின் பக்கத்தில் அதே மட்டத்தில் இருக்கட்டும். கேமராவுக்கு அருகே தள்ளி வைத்தால் புதைபடிவம் இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும். அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் வரை குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய 1 மீட்டர். ஆனாலும் செங்குத்துப் பாறையின் ஓரத்தில் ஜிபிஎஸ் பல மீட்டர் பிசகும். அதனால் அடிவாரத்திலிருந்து உயரத்தை டேப்பால் அளந்து எழுதுவது அவசியம். பாறையில் பதிந்திருந்ததா, உதிர்ந்து கிடந்ததா என்பதையும் எழுதுங்கள். உதிர்ந்த துண்டென்றால் மீதி சரிவின் மேற்பகுதியில் இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது அனுமதி. 1990இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்த 'சூ' என்ற டைரனோசரஸ் வகை டைனோசரின் எலும்புக்கூடு, நிலம் யாருடையது என்ற வழக்கில் பல ஆண்டுகள் முடங்கி, 1997இல்தான் ஏலம் வழியாக அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சில நாடுகளில் புதைபடிவம் அரசின் சொத்து. உரிமையாளரையும் சட்டத்தையும் தெரிந்துகொள்ளாமல் உளியை எடுக்கக் கூடாது.

எலும்போ பல்லோ தெரிந்தால் தோண்டவே வேண்டாம். அருகிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கோ புவியியல் துறைக்கோ படங்களை அனுப்புங்கள். 1983இல் இங்கிலாந்தில் ஒரு களிமண் குழியில் வில்லியம் வாக்கர் என்பவர் பெரிய நகம் ஒன்றைக் கண்டார். செய்தி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எட்டியதால், குழியில் இருந்த எலும்புக்கூட்டின் பெரும்பகுதி முறையாக வெளிவந்தது. அதுதான் அவர் பெயரையே தாங்கிய பேரியோனிக்ஸ் வாக்கெரி என்ற டைனோசர்.

அலை அடித்துப் போய்விடும் அல்லது பாறை சரியும் என்றால் மட்டும் நீங்களே எடுக்கலாம். அப்போதும் எலும்பை ஒட்டிச் சுரண்டாமல், சுற்றிலும் சில அங்குலம் பாறையோடு பெயர்த்தெடுங்கள். துண்டுகளைத் தனித்தனியே மென்காகிதத்தில் சுற்றி எண்ணிடுங்கள். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும்.

பெரும்பாலானவை பாழாவது வீட்டுக்கு வந்த பிறகுதான். தண்ணீரில் கழுவினால் களிப்பாறை ஊறி உப்பிப் பொடியாக உதிரும். ஈரமான எலும்பை வெயிலில் வைத்தால் விரிசல் விடும். நிழலில் பல நாள் மெல்ல உலர வேண்டும். சூப்பர் குளூவும் வார்னிஷும் வேண்டவே வேண்டாம், பின்னால் அகற்றுவது பெரும்பாடு. வல்லுநர்கள் பாரலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்துப் பூசுவதற்குக் காரணமே, அதே அசிட்டோனால் அதை மீண்டும் கரைத்து எடுக்கலாம் என்பதுதான். ஈரம் போகாத எலும்பில் அதைப் பூசினால் வெண்மை படரும். பொன்னிறமாக மின்னும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) புதைபடிவங்களுக்குக் காற்றின் ஈரமே எதிரி. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பைரைட் சிதைந்து கந்தக அமிலம் உண்டாகி, கல்லையும் பெட்டியையும் சீட்டையும் சேர்த்து அரித்துவிடும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திகளில் துல்லியமான இடத்தை அச்சிட வேண்டாம். கடத்தல்காரர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். வாசகர் அனுப்பும் படக் கோப்பில் இருப்பிடத் தகவல் ஒளிந்திருக்கும். இணையப் பதிப்பில் ஏற்றும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
தொல்லுயிரியல் ஆர்வலர் ஒருவர்