ஒட்டுவதற்கு முன் இரண்டு கணக்கு

அன்புள்ள சேகர்,

நீ வரைந்த சம்ப் படம் கிடைத்தது (சம்ப் என்றால் மீன்தொட்டிக்குக் கீழே அலமாரியில் வைக்கும் வடிகட்டுத் தொட்டி). 60×40×40 செ.மீ. பவளத் தொட்டிக்கு 45×30×30 சம்ப் தாராளம். ஆனால் சிலிக்கோனைக் கையில் எடுக்குமுன் இரண்டு கணக்கைப் போட்டுவிடு. சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் உப்புநீர் கொட்டினால் கீழ்வீட்டுக் கூரையில்தான் போய் நிற்கும்.

முதலாவது, கரண்ட் போனால் எவ்வளவு இறங்கும்? பம்ப் நின்றதும், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயே சைஃபனாகி, தொட்டித் தண்ணீரைத் தானாகக் கீழே இழுக்கும். உன் தொட்டியில் 1 செ.மீ. என்பது 2.4 லிட்டர். ரிட்டர்ன் வாய் நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே இருந்தால் 7.2 லிட்டர்; தொட்டியில் மிஞ்சும் நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, குழாய் எல்லாம் சேர்த்து 9 லிட்டர் என்று வை. சம்ப் 7 செ.மீ. ஏறும். ஓடும்போது சம்ப்பில் 18 செ.மீ. தண்ணீர் இருந்தால் 25இல் நின்றுவிடும். நீ வரைந்திருப்பதுபோல் வாயை 10 செ.மீ. ஆழத்தில் வைத்தால் 24 லிட்டர் இறங்கும். சம்ப்பில் மிச்ச இடம் 16 லிட்டர்தான். காற்று புகுந்து சைஃபன் அறுபடக் குழாயில் சின்ன ஓட்டை போடலாம்தான், ஆனால் பவளப்பாசியோ நத்தையோ ஒருநாள் அதை அடைத்துவிடும். தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வும் அப்படியே, மணல் சிக்கினால் முழுதாக மூடாது. வாயை மேலே ஏற்று.

இரண்டாவது, தொட்டியிலிருந்து சம்ப்புக்கு இறங்கும் வடிகுழாய் அடைத்தால்? சம்ப்பில் பம்ப் இருக்கும் ரிட்டர்ன் அறை 10×30 செ.மீ., பம்ப் வாய்க்கு மேல் 13 செ.மீ. தண்ணீர்: 3.9 லிட்டர். அத்தனையும் மேலே போனாலும் தொட்டி 1.6 செ.மீ.தான் ஏறும். ஓடும் மட்டத்துக்கு மேல் 3 செ.மீ. கண்ணாடி விட்டுவிடு. ஆவியான நீரைத் தானாக ஈடுசெய்யும் ஆட்டோ டாப்-அப் வாளியில் 3 லிட்டருக்கு மேல் நிரப்பாதே. அறை வற்றியதும் அது நன்னீரை ஊற்றிக்கொண்டே இருக்கும், பம்ப் அதையும் மேலே தள்ளும்.

துளை போடாமல் தொட்டி விளிம்பில் தொங்கவிடும் சைஃபன் ஓவர்ஃப்ளோ பெட்டி வேண்டவே வேண்டாம். குமிழி சேர்ந்து சைஃபன் அறுந்தால் வடிவது நிற்கும், பம்ப் நிற்காது. தொட்டிக் கண்ணாடியில் துளையே போடு, அது டெம்பர்டு (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடி இல்லையென்று முதலில் உறுதிசெய், இல்லாவிட்டால் மொத்தமும் நொறுங்கும். வைரத் துளைப்பான், மெதுவான வேகம், விடாமல் தண்ணீர். கண்ணாடி மாவு பால்போல் வழியும். கெட்டிப்பட்டால் தண்ணீர் போதவில்லை. கடைசி மில்லிமீட்டரில் கையின் கனத்தை எடுத்துவிடு, மறுபக்கம் செதில் பெயராது.

சம்ப்பின் உள்தடுப்புகளுக்கு 5 மி.மீ. கண்ணாடி, அக்ரிலிக்கில் சிலிக்கோன் சரியாகப் பிடிக்காது. பூஞ்சைத் தடுப்பு கலந்த குளியலறைச் சிலிக்கோன் கூடாது. குமிழியைப் பிடிக்க மூன்று தடுப்பு, 2.5 செ.மீ. இடைவெளி, நடுவில் உள்ளதை அடியிலிருந்து 3 செ.மீ. தூக்கு. குறைந்தது 48 மணி நேரம் காயட்டும்.

நம்மூர்ச் சூட்டுக்கு சம்ப்மேல் விசிறி நல்ல உபகாரம். ஆனால் அலமாரியை மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி ஆவியாவது குறைந்துவிடும், பின்பலகையைக் கழற்றிவிடு. ஆவியானதற்குப் பதில் ஆர்ஓ-டிஐ வடிகட்டியில் உப்பும் கனிமமும் நீக்கிய நீர் மட்டும். நம் குழாய்நீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) உண்டு. குளோரினை மட்டும் முறித்தால் அம்மோனியா மிஞ்சும்.

துளையில் குழாயைப் பொருத்தும் பல்க்ஹெட் இணைப்பை வாங்கி அளந்த பிறகே துளைப்பான் வாங்கு, 25 மி.மீ. குழாய்க்கும் துளை அதைவிடப் பெரிதாக வேண்டும், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். திருத்திய படத்தை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
இளங்கோ