மடிக்கணினியை விற்பதற்கு முன்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையில் வேலை அமைந்த செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவளுக்கு எங்கள் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். கடிதத்தின் பிற்பகுதியில், ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 சில்லு கொண்ட உங்கள் மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏறாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டதாகவும், அதையும் பரணில் கிடக்கும் நெட்புக் என்னும் சிறு மடிக்கணினியையும் சேர்த்து வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் ஒரே முடிவில் அடக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். முதலாவதற்கு இன்னும் பல ஆண்டு வேலை இருக்கிறது. இரண்டாவதற்கு இருப்பது ஒரே ஒரு வேலை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்னதில் தவறில்லை. சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் சில்லுகளில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே விண்டோஸ் 11-க்கு உரியவை என்றும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்றும் மைக்ரோசாஃப்ட் வரையறுத்துள்ளது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆனால் அக்டோபர் 13 அன்று ஓடிய வேகத்திலேயேதான் அந்த இயந்திரம் 15 அன்றும் ஓடியது. ஓய்வு பெற்றது மென்பொருளே தவிர வன்பொருள் அன்று.

நான் இதை உறுதியாகச் சொல்லக் காரணம், என் மேசையில் இருக்கும் திங்க்பேட் எக்ஸ்200. 2008-இல் வந்த வகை, கோர் 2 டுயோ சில்லு, 12.1 அங்குலத் திரை. உங்களுடையதைவிட ஏழெட்டு ஆண்டு மூத்த அந்த இயந்திரத்தில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளமும், எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய மேசைத்தளமும் நிறுவி, கடிதம், கணக்கு, பிடிஎஃப் வாசிப்பு, மின்னஞ்சல் எல்லாவற்றையும் அதிலேயே பார்த்துக்கொள்கிறேன். விசைப்பலகையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கடிதம் நீண்டுவிடும். இன்றைய தட்டை விசைகளில் தட்டச்சு செய்ய என் விரல்கள் மறுக்கின்றன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எந்த லினக்ஸ் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். மின்ட், எம்எக்ஸ், லுபுண்டு என்று லினக்ஸ் வகைகளில் வாரம் ஒன்றை ஏற்றிப் பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதனால் கிடைக்கும் வேக வேறுபாடு சொற்பம். செலவிட வேண்டிய இடம் கோப்புகளைச் சேமிக்கும் வட்டு. உங்கள் மடிக்கணினியில் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டு இருந்தால், ஒரு சுற்றுக்கே 11 மில்லி விநாடி ஆகிறது. அதற்குமேல் படிப்புமுனை உரிய தடத்துக்கு நகர வேண்டும். ஆகவே வட்டின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளில் விநாடிக்கு நூறுகூட அதனால் எடுத்துத் தர முடியாது. கணினி தொடங்கும்போதும் உலாவி திறக்கும்போதும் தேவைப்படுபவை இத்தகைய ஆயிரக்கணக்கான துண்டுகளே. வட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டி என்னும் சில்லுவகைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லை. விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துக் கொடுக்கும். சில்லு பழையதாகிவிட்டது என்று நாம் நொந்துகொள்ளும் நேரத்தில் பெரும்பகுதி, உண்மையில் அந்தச் சில்லு வட்டுக்காகக் கைகட்டிக் காத்திருக்கும் நேரம்தான். எஸ்எஸ்டி ஒன்றும், மொத்தம் 8 ஜிபி ஆகும்படி ரேமும் போடுங்கள். பிறகு லினக்ஸ் மின்டோ டெபியனோ, மனத்துக்குப் பிடித்ததை நிறுவிக்கொள்ளுங்கள். லினக்ஸில் வைஃபை வேலை செய்யுமா என்ற பழைய கவலையும் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. டெபியன் 12 முதல், வைஃபை சில்லை இயக்க வேண்டிய ஃபர்ம்வேர் என்னும் மென்பொருள் நிறுவல் கோப்பிலேயே சேர்ந்து வருகிறது.

பழைய கணினியைத் திணறடிப்பது இணையம்தான். யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் காணொளியை அனுப்புகிறது. அவற்றை விரித்துக் காட்டும் சுற்று என் கணினியின் வரைகலைச் சில்லில் இல்லாததால், முழுச் சுமையும் மையச் சில்லின்மேல் விழுந்து விசிறி அலறத் தொடங்கும். பழைய கணினிக்கு இலகுவான எச்.264 வடிவத்தையே கேட்டுப் பெறும் ஒரு நீட்சியை உலாவியில் சேர்த்தபின் நிலைமை தாங்கும்படி ஆயிற்று. உங்கள் கணினிக்கு இந்த அளவு தொல்லை இராது.

இனி நெட்புக். அதில் இருப்பது ஆட்டம் என்270 என்று எழுதியிருக்கிறீர்கள். அது 32 பிட் மட்டுமே அறிந்த, இன்றைய 64 பிட் மென்பொருள் ஓடாத பழைய சில்லு. அந்த வழி இப்போது அடைபட்டு வருகிறது. உபுண்டு என்னும் லினக்ஸ் வகை என்றோ விலகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அத்தகைய கணினியில் நிறுவ முடியாது. ஃபயர்பாக்ஸ் உலாவியும் 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸுக்கு விடை கொடுத்துவிட்டது. இதில் வருந்த ஏதுமில்லை என்றே நினைக்கிறேன். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே 386 என்னும் பழைய இன்டெல் சில்லு கொண்ட ஒரு கணினியில்தான். அந்த 386-க்கான ஆதரவையே லினக்ஸின் உட்கருவான கெர்னலின் 3.8-ஆம் பதிப்பில் நீக்கிவிட்டார்கள். யாரோ ஒருவர் பராமரித்தால்தான் எதுவும் நிலைக்கும். பராமரிக்க ஆள் குறைந்த ஒன்றை வங்கிக் கணக்குக்கும் கடவுச்சொல்லுக்கும் நம்புவது சரியன்று.

ஆனால் இணையத்தோடு இணைக்காமல் அதில் ஒரு வேலை செய்யலாம். உங்கள் தந்தையாரின் கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் குறுந்தகடுகளில் முடங்கிக் கிடப்பதாக முன்பு சொன்னீர்கள் அல்லவா? இன்றைய பொது எழுத்துக்குறி முறையான யூனிகோடுக்கு அவற்றை மாற்றுவதுதான் அந்த வேலை. பாமினியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் எனச் சேமிக்கப்படுகிறது. யூனிகோடிலோ ககரம் முதலில் நிற்க, கொம்பும் காலும் அதைத் தொடரும் ஒரே குறியாக அமைகின்றன. ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருத்த வேண்டும். ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரல்மொழித் தொகுப்பு இதைச் செய்து தருகிறது. கோப்புகளை உரையாக எடுத்துக் கொடுத்தால், 32 பிட்டுக்கான ஆன்டிஎக்ஸ் 23 என்னும் லினக்ஸ் ஏற்றிய நெட்புக்கேகூட நிதானமாக மாற்றிவிடும். ஐபஸ் என்னும் தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக்கொண்டால், மாற்றிய கட்டுரைகளை அங்கேயே பிழை பார்க்கலாம். ஒன்று மட்டும்: குறுந்தகடுகள் நாளாக ஆகப் படிக்க முடியாமல் போகும், எனவே அவற்றைப் படியெடுப்பதை முதலில் முடியுங்கள். நெட்புக்கில் குறுந்தகடு இயக்கி இராது. யுஎஸ்பி இயக்கி என்னிடம் சும்மாதான் கிடக்கிறது, கூரியரில் அனுப்பிவைக்கிறேன்.

மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி ரேமின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3எல் வகை ரேம் போட்டவையும் உண்டு, டிடிஆர்4 போட்டவையும் உண்டு; ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. அடுத்த வாரம் சென்னை போகிறேன். எது என்று தெரிந்தால், ரிச்சி தெருவில் எஸ்எஸ்டி-யோடு சேர்த்து வாங்கி வந்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்