நன்மை வாங்க நீ எழுந்திருக்கவில்லை

சேசு மரி சூசை துணை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய பணம் வந்தது. அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. மழையில் சாய்ப்பு ஒழுகுகிறது, அதை அப்புறம் பார்க்கலாம்.

பனிமய மாதா திருவிழாவுக்கு வந்தாயே, பூசையில் எல்லாரும் நன்மை வாங்க, சாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்க எழுந்தபோது நீ மட்டும் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தாய். போன ஈஸ்டருக்கும் அப்படித்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக் கூடாது என்று இருந்தாயே, அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் இத்தனை நாளா, ராசா? முதல் தடவை நன்மை வாங்கிய புதுநன்மைக்கு, பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்ன பிள்ளை நீ.

கூச்சமா? கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியில் சொல்லக் கூடாது. சொன்னால் அவருக்குத் திருச்சபையிலேயே இடமில்லை. பங்குச் சாமியாருக்கு உன் குரல் தெரியும் என்றால் வேறு ஊரில் செய். போப் பிரான்சிஸே 2014 தவக்காலத்தில் புனித பேதுரு பேராலயத்தில் எல்லாரும் பார்க்க முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். பேப்பரில் வந்த அந்தப் படத்தை வெட்டிச் செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். செய்துவிடு, ராசா.

பாட்டி மோதிரத்தை எடுத்தது சின்னம்மா இல்லை. நான்தான். உன் ஹாஸ்டல் பீசுக்கு.

11 வருஷம் அதை மட்டும் மறைத்து, மற்றதைச் சொல்லி நன்மை வாங்கினேன். போன வருஷம் வேளாங்கண்ணியில், முன்பின் தெரியாத ஒரு வயதான சாமியாரிடம் சொன்னேன். அவருக்குக் காது மந்தம். "கேக்கலம்மா, இன்னொரு தடவை சொல்லு" என்றார். பின்னால் வரிசை நிற்கிறது. முந்தானை நனைய வேர்த்துப்போய், இன்னொரு தடவை சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். "அந்தப் பிள்ளை மேல விழுந்த பழியை நீதாம்மா எடுக்கணும்" என்றார்.

செபமாலையை அன்றைக்கே சொல்லிவிட்டேன். சின்னம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போய் மீனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அக்கா, காப்பி குடிச்சிட்டுப் போங்க என்கிறாள்.

இந்தச் சனிக்கிழமை போகிறேன். அப்பாவுக்கும் நானே சொல்வேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பக்கத்துப் பங்குச் சாமியார்களும் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள். அதற்குள் லீவு கிடைக்குமா என்று எழுது.

அம்மா