காலுறை பின்னக் கற்பவர்களின் பொறுமையைக் குறை சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான கைவேலைக் கட்டுரையில், காலுறை பின்னுவது மனத்தை அமைதிப்படுத்தும் பொழுதுபோக்கு என்றும், புதிய முறை ஒன்றைக் கற்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறவர்களுக்குப் பொறுமை போதாது என்றும் எழுதப்பட்டிருந்தது. முதல் கருத்தில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவது கருத்து நியாயமற்றது. கற்பவர் சலித்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, அவருக்குக் கிடைக்கும் செய்முறைக் குறிப்பு இடறும் இடங்களைச் சொல்லாமலே தாண்டிப் போய்விடுவதுதான்.

புதிய முறையைக் கற்பவர்களில் பலர் பின்னலுக்குப் புதியவர்கள் அல்லர். இருமுனை ஊசிகள் நான்கையோ ஐந்தையோ வைத்துக்கொண்டு, கணுக்காலுக்கு மேலிருந்து தொடங்கி விரல் நுனியில் முடிக்கும் பழைய முறையில் நன்கு பழகிய கைகள் அவர்களுடையவை. இரு முனைகளை வளையும் கம்பியொன்று இணைக்கும் நீண்ட வட்ட ஊசி ஒன்றை மட்டும் கொண்டு பின்னும் ‘மேஜிக் லூப்’ முறை 2002-இல் வெளியான ஒரு சிறு கையேட்டின் வழியாகத்தான் பரவலானது. விரல் நுனியிலிருந்து தொடங்குவதற்கான ‘மேஜிக் காஸ்ட் ஆன்’ முறையைப் பின்னல் வடிவமைப்பாளர் ஜூடி பெக்கர் 2006-இல் வெளியிட்டார். அதற்கு முன்பே பின்னக் கற்றவர்கள், எத்தனை ஜோடி முடித்திருந்தாலும், இவற்றில் மறுபடியும் மாணவர்களே. சொல்லப்போனால், ஒன்றுமே தெரியாத புதியவருக்கு இல்லாத சிரமம் இவர்களுக்கு உண்டு. நூலைப் பிடிப்பது, இழுப்பது, ஊசியைத் திருப்புவது எல்லாம் பழைய வழியிலேயே தானாக நடந்துவிடும்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மேலிருந்து கீழாகப் பின்னும்போது ஒரு சாண் அளவுக்கு எளிதான குழாய் வடிவப் பின்னல் முடிந்த பிறகுதான் குதிகால் வருகிறது. அதற்குள் கைக்கு நூலும் ஊசியும் பழகிவிடுகின்றன. விரல் நுனியிலிருந்து தொடங்கும் முறையிலோ, கடினமான வேலை முதல் நிமிடத்திலேயே வந்து நிற்கிறது. இரண்டு ஊசி முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, நூலின் இரு இழைகளையும் மேல் ஊசிக்கும் கீழ் ஊசிக்குமாக மாற்றி மாற்றிச் சுற்றி, பக்கத்துக்குப் பத்துக் கண்ணிகள், அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள், ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். அந்த இருபது கண்ணிகளும் சேர்ந்தால் ஒரு விரல் நீளத்துக்கும் குறைவாகவே இருக்கும். அவற்றைத் தாங்கும் வட்ட ஊசியோ 80 முதல் 100 சென்டிமீட்டர் வரை நீளமானது. கடைசியாக ஏற்றிய கண்ணியை நூலின் ஒரு சுற்று மட்டுமே பிடித்து வைத்திருக்கிறது. முதல் சுற்றைத் தொடங்கும் முன், நூலின் வால் நுனியைப் பின்னும் நூலுக்கும் ஊசிக்கும் இடையில் செருகிக்கொள்ளாவிட்டால் அந்தக் கண்ணி அவிழ்ந்து நழுவிவிடும். ‘கண்ணிகளை ஏற்றிவிட்டு வட்டமாகப் பின்னவும்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் குறிப்பைப் படிக்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? கீழ் ஊசியில் உள்ள கண்ணிகள் சில கைகளில் திரும்பி அமையும் என்பதும், அப்படி அமைந்தால் முதல் சுற்றில் அவற்றைப் பின்கால் (வளையத்தின் பின்பக்க இழை) வழியாகப் பின்னினால் சரியாகிவிடும் என்பதும் அவ்வாறே யாராவது எழுத்தில் சொல்ல வேண்டியவை.

மேஜிக் லூப்பில் அடிக்கடி கேட்கும் புகார், ஊசி மாறும் இரண்டு பக்கங்களிலும் ஏணிபோல் விழும் இடைவெளி. முதல் கண்ணியை இறுக்கிப் பின்னுங்கள் என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். முதல் கண்ணியைப் பின்னியதும் அதன் இறுக்கம் அப்படியே நிற்பதில்லை. இரண்டாவது கண்ணியைப் பின்னிவிட்டு நூலை ஒருமுறை இழுத்தால்தான் இரண்டும் சேர்ந்து இறுகும். வட்ட ஊசியின் கம்பி முறுக்கிக்கொண்டு கையோடு மல்லுக்கு நின்றால், அதைச் சிறிது நேரம் வெந்நீரில் போட்டு எடுத்தால் இளகிவிடும்.

உண்மையான சோதனை குதிகாலில்தான். சுற்றை முழுதும் முடிக்காமல் இடையிலேயே திரும்பிப் பின்னும் ‘ஜெர்மன் ஷார்ட் ரோ’ என்னும் குறுவரிசை முறையில், ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் திரும்பி, நூலை முன்னால் கொண்டுவந்து, முதல் கண்ணியைப் பின்னாமல் மாற்றி, நூலை ஊசியின் மேலாகப் பின்பக்கம் இறுக்கி இழுக்க வேண்டும். அப்போது அந்தக் கண்ணி இரண்டு கால்களோடு இரட்டைக் கண்ணியாக எழுந்து நிற்கும். பிறகு பின்னும்போது இரு கால்களையும் ஒரே கண்ணியாகக் கொள்ள வேண்டும். 64 கண்ணிகள் கொண்ட காலுறையில் குதிகாலுக்குப் பாதி, அதாவது 32 கண்ணிகள். முதல் பாதி முடியும்போது நடுவில் 10 சாதாரணக் கண்ணிகளும், இருபுறமும் பதினொன்று பதினொன்றாக 22 இரட்டைக் கண்ணிகளும் இருப்பதாகக் கொண்டால், ஊசிமேல் கண்ணுக்குத் தெரியும் இழைகள் 54. குறிப்பில் 32 என்று இருக்க, எண்ணினால் 54 வருகிறது என்று பயந்து, சரியாக வந்த குதிகாலை முழுவதும் பிரித்துவிட்டவர்களை நான் அறிவேன். ஒரே ஒரு வாக்கியம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

குதிகால் முடிந்து மறுபடியும் வட்டமாகப் பின்னத் தொடங்கும் மூலைகளில் ஓட்டை விழுவதும் அப்படியே. அங்கே குதிகாலுக்கும் மேல்பாதத்துக்கும் இடையிலுள்ள இழையைத் தூக்கி ஒரு கண்ணியாக்கி, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னினால் ஓட்டை மூடிக்கொள்ளும். மேல்பாதம் உயர்ந்த காலுக்கு இந்தக் குதிகால் இறுக்கமாக இருப்பதும் பின்னியவரின் குறை அன்று. பழைய முறையில் பக்கவாட்டில் சேர்க்கப்படும் முக்கோணப் பகுதி இதில் கிடையாது. அத்தகைய காலுக்குக் குதிகாலைப் பாதிக்குப் பதில் ஏறத்தாழ 60 சதவீதக் கண்ணிகளில், அதாவது 38-இல், பின்னிப் பார்க்கலாம்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூங்கில் ஊசியிலிருந்து உலோக வட்ட ஊசிக்கு மாறினால், இரண்டும் 2.25 மில்லிமீட்டராகவே இருந்தாலும், பின்னலின் இறுக்கம் மாறக்கூடும். 10 சென்டிமீட்டருக்கு 32 கண்ணிகள் வந்தால் 64 கண்ணிகளின் சுற்றளவு 20 சென்டிமீட்டர். 28 கண்ணிகளே வந்தால் கிட்டத்தட்ட 23. காலுறை பாதத்தின் சுற்றளவைவிடப் பத்தில் ஒரு பங்கு சிறியதாக இருந்தால்தான் காலில் நிற்கும் என்பதால், இந்த வேறுபாடு சிறியதன்று. மேல்விளிம்பை வழக்கம்போல் இறுக்கமாக முடித்தால் குதிகாலுக்கு மேல் ஏறாது என்பதும் தெரிந்ததே.

இத்தனைக்கும் பிறகு இந்த முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்னும்போதே காலில் போட்டுப் பார்க்கலாம், இருக்கும் நூல் முழுவதையும் செலவிடலாம், கடைசியில் விரல் நுனியைத் தையல் ஊசியால் இணைக்கும் ‘கிச்சனர்’ வேலையும் கிடையாது. என் வேண்டுகோள் ஒன்றுதான்: இனி இப்படிப்பட்ட செய்முறைகளை வெளியிடும்போது, முடிந்த காலுறையின் அழகான படம் ஒன்றோடு நிறுத்தாமல், ஏற்றிய கண்ணிகள், இரட்டைக் கண்ணி, குதிகால் மூலை ஆகிய மூன்று இடங்களிலும் சரியாக வந்ததையும் தவறாக வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். முழுக் காலுறைக்கு முன்பாக, தடித்த நூலில் முப்பது கண்ணிகளுக்குள் அடங்கும் ஒரு பொம்மைக் காலுறையின் அளவையும் சேர்த்துக் கொடுத்தால், பிரித்துப் பிரித்துப் பின்னினாலும் மெல்லிய நல்ல நூல் வீணாகாது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி